பனிச்சுவரைத் தேடிச் சென்ற படகுகள்

கடற்பயணங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பெருங்கப்பல்களின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். பாய்மரக் கப்பல்களின் பெயர்களும் அவற்றின் தலைவர்களின் பெயர்களும் ஏடுகளில் நிலைபெற்றுவிடுகின்றன. அக்கப்பல்களிலிருந்து இறக்கப்பட்டு, ஆழம் தெரியாத கழிகளுக்குள் துடுப்பு வலித்துச் சென்ற சிறு படகுகளுக்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. அப்படகுகளில் வழிகாட்டிகளாக அமர்ந்திருந்த மண்ணின் மைந்தர்களுக்கோ அந்த ஓரிரு வரிகளும் கிடைப்பதில்லை.

இதனை நாம் எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஒரு சிறு நிகழ்ச்சியால். வெளிநாட்டில் பணிபுரியும் நண்பர் ஒருவர் அலாஸ்காவிற்குச் சென்று திரும்பி, தாம் எடுத்த படங்களை விருந்தொன்றின்போது நம் அனைவருக்கும் காட்டினார். வானளாவிய மலைகள், அவற்றின் இடையே கருநீலக் கடல், கடலின் முடிவில் மதில்போல் எழுந்து நிற்கும் பனி, அதன்முன் எறும்புபோல் ஒரு ரப்பர்ப் படகு. படங்களைக் கண்ட அவருடைய மகன், "வாப்பா, இந்த இடத்தை யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டான். நண்பர் கையேட்டைப் புரட்டி, "ஜான் மியூர், 1879" என்று விடை கூறினார். விடை அச்சிட்ட ஏட்டில் இருந்தது. ஆயினும் அது முழு விடையன்று. அச்சிறுவனுக்குத் தர வேண்டிய விடையைத் தேடியே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

படத்தில் கண்ட இடம் கிளேசியர் பே. பனியாற்று வளைகுடா எனத் தமிழில் சொல்லலாம். அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் உள்ளது. மலைகளில் பல நூறு ஆண்டுகளாகப் பெய்த வெண்பனி, தன் பாரத்தாலேயே இறுகிப் பனிக்கட்டியாகி, மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகர்வதையே பனியாறு என்கிறோம். அது நகரும்போது தன் அடியிலுள்ள பாறையை அரத்தால் அராவுவதுபோல் அராவிச் செல்லும். அவ்வாறு குடைந்த பள்ளத்தாக்கில், பனி பின்வாங்கியபின் கடல் நுழையுமாயின் அதற்கு ஃபியோர்டு என்று பெயர். இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவே பேராழம், வாயிலில் மட்டும் பனியாறு தள்ளிக் கொண்டுவந்து குவித்த மண்ணும் கல்லுமாகிய மேடு. இவ்வமைப்பு வேறெங்கும் காணப்படும் கடற்கழிகளுக்கு இல்லாதது. வாயிலில் ஆழம் குறைவு. உள்ளே ஆழம் மிகுதி. ஓதமேறும்போதும் வடியும்போதும் வாயிலில் நீர் ஆற்று வெள்ளம்போல் பாயும். பெரிய கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் உள்ளே சென்று ஆழம் பார்த்த காரணம் இதுவே. கடற்கரை ஊர்களில் பிறந்த நம் வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, அங்கு வாழ்ந்த மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் திலிங்கித் என்னும் இனத்தவர். அவர்களுள் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தோர் ஹூனா திலிங்கித் எனப்படுவர். அவர்கள் கூறும் வரலாற்றின்படி, இன்றைய வளைகுடாவின் கீழ்ப்பகுதி ஒரு காலத்தில் கடலன்று, நிலம். சமவெளி ஒன்று, அதன் நடுவே மீன் நிறைந்த ஆறு, ஆற்றங்கரையில் அவர்களது ஊர். பனியாறு வெகு தொலைவில், பள்ளத்தாக்கின் மேற்புறத்தில் இருந்தது. அந்நிலத்திற்கு அவர்கள் வழங்கிய பெயர் 'சே ஷூயீ'. பனியாற்று வண்டலின் விளிம்பு என்பது அதன் பொருள்.

பருவமெய்தித் தனித்து வைக்கப்பட்டிருந்த காஸ்டீன் என்னும் பெண், உலர்ந்த மீனைக் கையில் ஏந்தி, நாயை அழைப்பதுபோல் பனியாற்றை அழைத்தாள். அது வந்துவிட்டது என்பது அவர்களது கதை. ஓடும் நாயின் வேகத்தில் வந்தது என்றும் கூறுவர். ஊரார் வீடுகளை விட்டு ஓடங்களில் ஏறினர். ஒருத்தி மட்டும் பின்தங்கினாள். காஸ்டீனே தங்கினாள் என்பது ஒரு மரபு; இளம்பெண் பிள்ளை பெற வேண்டியவள், அவள் போகட்டும் என்று சொல்லி ஒரு மூதாட்டி தங்கினாள் என்பது மற்றொரு மரபு. ஓடங்கள் நகர, வீட்டோடு பனி அவளைக் கடலுள் தள்ளுவதைக் கண்டவாறு அம்மக்கள் புலம்பிப் பாடினர். அப்பாடலை இன்றும் அக்குலத்தார் தம் உடைமையாகக் காத்து வருகின்றனர். சூசி ஜேம்ஸ், ஏமி மார்வின் என்னும் இரு மூதாட்டியர் சொன்ன வடிவங்கள், நோரா டாவன்ஹவர், ரிச்சர்டு டாவன்ஹவர் என்னும் அறிஞர் தம்பதியரால் 1987இல் நூலாகவும் வெளியிடப்பட்டுள்ளன.

நாயை அழைப்பதுபோல் பனியை அழைப்பதாவது, வெறுங்கதை என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் பனி விரைந்து முன்னேறியது என்பதும், அது வருமுன் அங்கு நிலம் இருந்தது என்பதும் கதையல்ல. வண்டலையும், புதையுண்ட மரங்களையும் ஆராய்ந்த நிலவியலார் 2009இல் வெளியிட்ட ஆய்வு, வளைகுடாவின் கீழ்ப்பகுதி முன்பு மனிதர் வாழத்தக்க சமவெளியாக இருந்தது என்றே முடிவு கூறிற்று. உலகம் சற்றுக் குளிர்ந்திருந்த 'சிறு பனிக்காலம்' என்னும் அக்காலத்தில் பனியாறு சமவெளி முழுவதையும் மூடி, கி.பி. 1750 அளவில் தன் எல்லையின் உச்சத்தை அடைந்தது. ஊரை இழந்த மக்கள் ஐசி நீரிணையைக் கடந்து, வடகாற்று படாத ஓர் ஒதுக்கிடத்தில் குடியேறினர். அதுவே இன்றைய ஹூனா ஊர்.

திலிங்கித் மக்களின் நினைவாற்றலுக்கு வேறொரு சான்றும் உண்டு. வளைகுடாவிற்கு மேற்கே, திறந்த கடலின் கரையில் லிதுயா என்னும் குறுகிய வாயில் கொண்ட விரிகுடா உள்ளது. 1786 ஜூலையில் பிரெஞ்சு நாட்டுத் தளபதி லா பெரூஸ் தம் இரு கப்பல்களுடன் அங்கு நுழைந்தார். ஜூலை 13 அன்று வாயிலின் ஆழம் அளக்க மூன்று படகுகளை அனுப்பினார். வாயிலை நெருங்க வேண்டாம் என்று எழுத்திலேயே கட்டளையிட்டிருந்தும், வடிநீரின் இழுப்பு படகுகளைப் பற்றிக்கொண்டது. இரு படகுகள் கவிழ்ந்து 21 பேர் மாண்டனர். ஓர் உடலும் கிடைக்கவில்லை. விரிகுடாவின் நடுவிலுள்ள தீவில் நினைவுச்சின்னம் ஒன்றை எழுப்பிவிட்டு லா பெரூஸ் புறப்பட்டார். அத்தீவு இன்றும் செனோடாஃப், அதாவது உடலில்லாக் கல்லறை, என்றே வழங்கப்படுகிறது.

நூறு ஆண்டுகள் கழித்து 1886இல், எம்மன்ஸ் என்னும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியிடம் கவீ என்னும் திலிங்கித் தலைவர், தம் முன்னோர் முதன்முதல் வெள்ளையரின் கப்பல்களைக் கண்ட வரலாற்றைச் சொன்னார். வெண்சிறகு விரித்த இரு கரும்பறவைகள் கடலினின்று வந்தன என்றும், நேரே நோக்கினால் கல்லாகிவிடுவோம் என்றஞ்சி மக்கள் இலைகளைக் குழலாகச் சுருட்டி அவற்றின் வழியே பார்த்தனர் என்றும், கண்பார்வை மங்கிய ஒரு முதியவர், வாழ்ந்து முடித்த உயிர்தானே என்று துணிந்து ஓடத்தில் சென்று அக்கப்பலில் ஏறினார் என்றும் அவர் கூறினார். வந்தோர் கூட்டத்தில் பலர் கடல்வாயிலில் மூழ்கியதையும் அவ்வரலாறு மறக்கவில்லை. லா பெரூஸின் நாட்குறிப்பை வாசித்தறியாத ஒருவர், அதே நிகழ்ச்சியை மறுகரையிலிருந்து சொன்னார். எழுத்தில்லா மக்களுக்கு வரலாறில்லை என்று எண்ணுவோர் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும் என்பது நம் கருத்து.

லா பெரூஸுக்குப் பின் எட்டாண்டுகளில், ஜார்ஜ் வான்கூவர் தலைமையில் ஆங்கிலேயர் வந்தனர். ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவின் ஊடே கீழ்த்திசைக்குச் செல்லும் கடல்வழி ஒன்று இருக்கக்கூடும் என்னும் ஆசை அந்நாளில் இன்னும் ஓயவில்லை. அதை உறுதியாக அறிய ஒரே வழி, கரையின் ஒவ்வொரு கழியையும் அதன் முடிவு வரை சென்று பார்ப்பதே. வான்கூவர் 1792 முதல் 1794 வரை மூன்று கோடைகளில் அதைச் செய்தார். செய்தார் என்று சொல்கிறோம், செய்தவை படகுகள். கப்பல்கள் நங்கூரமிட்டுக் கிடக்க, துடுப்புப் படகுகள் உணவை ஏற்றிக்கொண்டு நாட்கணக்கில் மழையிலும் குளிரிலும் கரையோரமாகவே சென்றன.

1794 ஜூலையில் வான்கூவர் நோயுற்றிருந்தார். ஆல்தார்ப் துறையில் கப்பலில் தங்கிவிட்டு, ஜோசப் விட்பி என்னும் மாலுமித் தலைவரை மூன்று படகுகளுடன் அனுப்பினார். நீரிணை முழுவதும் மிதக்கும் பனிப்பாறைகள். அவற்றின் இடுக்குகளில் புகுந்து சென்ற விட்பி, வடகரையில் ஓர் உள்வளைவைக் கண்டார். ஐந்து மைல் அளவே உட்சென்ற அவ்வளைவின் முடிவை, நீரிலிருந்து செங்குத்தாய் எழுந்த பனிமலைகள் அடைத்து நின்றன. படம் வரைந்துகொண்டு திரும்பினார். அவர் கண்ட அப்பனியின் கனம் நாலாயிரம் அடிக்கு மேல், அகலம் இருபது மைல் வரை எனப் பிற்கால அறிஞர் கணித்துள்ளனர். அப்பனியின் அடியில்தான் காஸ்டீனின் ஊர் கிடந்தது. விட்பிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

வான்கூவரின் படம் 1798இல் அச்சேறியது. மிகத் துல்லியமான படம். ஏறத்தாழ நூறாண்டுகள் மாலுமிகள் அதை நம்பிச் சென்றனர். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1879 அக்டோபரில் ஜான் மியூர் புறப்பட்டார்.

மியூர் ஸ்காட்லாந்தில் 1838இல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்று குடியேறியவர். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பனியாறுகளே செதுக்கின என்று அவர் வாதிட்டபோது, புகழ்பெற்ற நிலவியலார் அதை ஏற்கவில்லை. செத்த பனியாற்றின் சுவடுகளைக் கொண்டு வாதிட்டவருக்கு, உயிருள்ள பனியாறு பாறையைக் குடைவதைக் கண்ணால் காண வேண்டும் என்னும் தாகம் இருந்தது. ஃபோர்ட் ராங்கெல் என்னும் ஊரில் ஹால் யங் என்னும் பாதிரியார் அவருக்குத் துணையானார். திலிங்கித் ஊர்களைக் காணவேண்டிய அலுவல் பாதிரியாருக்கு. பனியைக் காணவேண்டிய ஆவல் மியூருக்கு.

ஓடமும் ஓட்டுநரும் திலிங்கித் மக்களுடையவை. செந்தேவதாரு மரத்தைக் குடைந்து செய்த, முப்பத்தைந்து அடி நீளமுள்ள ஓடம் அது. அதன் உரிமையாளரும் தலைவரும் டொயாட்டே என்னும் முதியவர். தம் குலத்தில் மதிப்புடைய தலைவர். கடச்சான், ஸ்டிக்கீன் ஜான், சிட்கா சார்லி ஆகிய மூவர் உடன் வந்தனர். குளிர்காலம் நெருங்கிய வேளையில் அப்படிப்பட்ட பயணம் ஆகாது என்று டொயாட்டேயின் வீட்டார் அழுது தடுத்தனர். ஆயினும் அக்டோபர் 14 அன்று ஓடம் கிளம்பியது.

மியூருக்கு அவ்வளைகுடா இருப்பதைச் சொன்னவர் சிட்கா சார்லி. தாம் சிறுவனாக இருந்தபோது தந்தையாருடன் கடல்நாய் வேட்டைக்கு அங்குச் சென்றதாகவும், அது பனி நிறைந்த பெரிய வளைகுடா என்றும், அங்கு விறகே கிடைக்காது என்றும் அவர் கூறினார். மரமில்லாத நாட்டைக் கண்டறியாத மற்றவர்கள் அதை நம்பவில்லை. எனினும் வழியிலுள்ள தீவொன்றில் விறகு வெட்டி ஓடத்தில் ஏற்றிக்கொண்டனர். அந்தச் சிறு முன்னெச்சரிக்கை இல்லையேல் அப்பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

வளைகுடாவின் வாயிலை அடைந்தபோது வான்கூவரின் படம் கைவிட்டது. படத்தில் பனிமலை இருந்த இடத்தில், ஓடத்தின் முன் கடல் விரிந்து கிடந்தது. சிட்கா சார்லியும் மயங்கினார். அவர் சிறுவயதில் கண்ட இடமும் மாறிப்போயிருந்தது. அவ்வேளையில் கரையில் புகை தெரிந்தது. ஹூனா வேட்டைக்காரர்களின் குடிசை அது. இந்தப் பருவத்தில், இந்த இடத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று அவர்கள் வினவினர். பனியைப் பார்க்க வந்தோம் என்ற விடை அவர்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் அவர்களுள் ஒருவர் வழிகாட்டியாக ஓடத்தில் ஏறினார். அவருடைய பெயரை மியூர் பதிவு செய்திருப்பின் எத்துணை நன்றாயிருந்திருக்கும்!

அடுத்த சில நாட்கள் மழையும் பனித்தூவலும். ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓய்வுநாளில் பயணம் செய்யலாகாது என்பது பாதிரியாரின் நெறி. அவர் முகாமில் தங்கினார். மியூர் மழையில் நனைந்தபடி தனியே ஓர் மலைச்சரிவில் ஏறினார். ஆயிரத்தைந்நூறு அடி உயரத்தில் மேகம் சற்றே விலகிற்று. கீழே பனிப்பாறைகள் நிறைந்த வளைகுடா; அதன் கரைகளில் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பெரும் பனியாறுகள். விட்பி பனிச்சுவரைக் கண்ட இடத்திலிருந்து பனி முப்பது மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 50 கிலோமீட்டர், பின்வாங்கியிருந்தது. எண்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு புதுக்கடல் பிறந்திருந்தது.

அன்றிரவு முகாமில் வேறொரு காட்சி. ஓட்டுநர்களின் முகம் வாடியிருந்தது. இத்தகைய இடத்தில், இத்தகைய மழையில், அறிவைத் தேடி மலையேறும் மனிதன் மந்திரவாதியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுள் பேச்சு எழுந்தது. பனிச்சிறைக்குள் ஓடத்தைச் செலுத்துகிறோம், வெளியேற வழி இராது என்று டொயாட்டே கலங்கினார். மியூர் அவர்களுக்குத் தைரியம் கூறினார். நல்ல துணையோடு செல்வதாயின் ஓடம் நொறுங்கினாலும் கவலையில்லை என்று டொயாட்டே இறுதியில் தேறினார் என மியூரே எழுதியுள்ளார்.

இதை வாசிப்போர் பலர் மியூரின் துணிவையே வியக்கின்றனர். நாமும் வியக்கிறோம். ஆனால் அச்சம் எவருடையது என்று பார்க்கையில் மனம் வேறாகிறது. மியூருக்குப் பனி ஒரு பாடநூல். திலிங்கித் மக்களுக்கோ அது ஓர் ஊரை விழுங்கிய வாய். மேலும், மிதக்கும் பனிப்பாறையின் பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் உள்ளது. அது எப்போது புரளும் என்று எவரும் அறியார். புரண்டால் அருகிலுள்ள ஓடம் போயிற்று. இதை அறிந்தவர் அஞ்சினார், அறியாதவர் அஞ்சவில்லை. அஞ்சியவரே ஓடத்தைப் பத்திரமாக மீட்டும் வந்தார்.

டொயாட்டேயின் முடிவையும் இங்கே குறிக்க வேண்டும். ஓடம் நவம்பரில் ராங்கெல் திரும்பியது. அடுத்த சில வாரங்களில், 1880 ஜனவரியில், சாராயம் காரணமாக இரு கூட்டத்தாரிடையே மூண்ட சண்டையில் சமாதானம் செய்ய நின்ற அம்முதியவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மியூரின் அலாஸ்காப் பயண நூல் அவர் மறைந்தபின் 1915இல்தான் வெளிவந்தது. டொயாட்டேயைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அதிலும், ஹால் யங் எழுதிய நூலிலும் உள்ளதே.

மியூரின் கடிதங்கள் செய்தித்தாள்களில் வெளியானதும் கப்பல்கள் வரத் தொடங்கின. 1883இல் ஜேம்ஸ் கேரல் என்னும் தலைவர் 'ஐடஹோ' என்னும் நீராவிக் கப்பலைப் பயணிகளுடன் வளைகுடாவிற்குள் செலுத்தினார். எலைசா சிட்மோர் என்னும் பெண் செய்தியாளர் அதில் இருந்தார். அவர் எழுதிய நூலைப் படித்தோர் மேலும் வந்தனர். கப்பலிலிருந்து படகில் இறங்கி, கரையேறி, பனியாற்றின்மேல் நடந்துவிட்டுத் திரும்புவது அந்நாளைய நாகரிகமாயிற்று.

1899இல் எட்வர்ட் ஹாரிமன் என்னும் இரயில்பாதை முதலாளி 'ஜார்ஜ் டபிள்யூ. எல்டர்' என்னும் கப்பலில் அறிஞர்களையும் ஓவியர்களையும் தம் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆட்கள் 126 பேர். மியூரும் அவர்களுள் ஒருவர். பிரின்ஸ் வில்லியம் கடற்பரப்பில், பேரி பனியாறு கழியை அடைத்துவிட்டது போன்ற ஓரிடத்தில், பனிக்கும் பாறைக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி தெரிந்தது. படத்தில் அதற்கப்பால் ஒன்றுமில்லை. பொறுப்பைத் தாமே ஏற்பதாகச் சொல்லிக் கப்பலைச் செலுத்தும்படி ஹாரிமன் கூறினார். உள்ளே பல பனியாறுகள் சூழ்ந்த புது ஃபியோர்டு இருந்தது. அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. துணிவு போற்றத்தக்கதே. ஆனால் அதே பயணத்தின் முடிவில், கேப் ஃபாக்ஸ் என்னுமிடத்தில் ஆளில்லாத ஒரு திலிங்கித் ஊரைக் கண்டு, அங்கு நின்ற குலமரத் தூண்களை அவர்கள் கழற்றிக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். ஆள் இல்லாததால் உரிமையாளர் இல்லை என்று ஆகிவிடுமோ? அத்தூண்களிற் பல நூறாண்டு கழித்து, 2001இல் அவ்வூராரின் வழித்தோன்றல்களிடம் திருப்பித் தரப்பட்டன.

அதே 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 10 அன்று யாக்குடாட் விரிகுடாவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. வளைகுடாவின் பனியாறுகள் அதிர்ந்து உடைந்தன. மியூர் பனியாற்றின் முன்னால் பனிப்பாறைகள் குவிந்து, கப்பல்கள் பல ஆண்டுகள் நெருங்க முடியாமற்போயின. பயணிகள் வருகை நின்றது.

1916இல் கூப்பர் என்னும் தாவரவியலார் சிறு படகில் வந்தார். பனி விட்டுச் சென்ற வெறும் கற்பரப்பில் முதலில் பாசி, பின் படர்செடி, பின் புதர், பின் மரம் என்று உயிர் எவ்வாறு குடியேறுகிறது என்பதை அறிய, சிறு சிறு சதுரங்களைக் குறித்து வைத்து அளந்தார். அப்போது கிராண்ட் பசிஃபிக் பனியாறு விட்பியின் எல்லையிலிருந்து அறுபது மைல் பின்வாங்கிவிட்டது. அவருடைய சதுரங்களை இன்றும் அறிஞர்கள் தேடிச் சென்று அளந்து வருகின்றனர். கூப்பரும் அவர் நண்பர்களும் விடுத்த வேண்டுகோளால் 1925 பிப்ரவரி 26 அன்று குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் அவ்விடத்தைப் பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னமாக அறிவித்தார். 1980இல் அது தேசியப் பூங்காவாயிற்று.

பாதுகாப்பு நல்லதே. ஆனால் எவரிடமிருந்து பாதுகாப்பு? பனி பின்வாங்கியதும் ஹூனா மக்கள் தம் நாட்டுக்கு ஓடமேறித் திரும்பிவிட்டிருந்தனர். நிலம் போய்க் கடலாகிவிட்ட அதற்கு, பனியாறு இருந்த இடத்து வளைகுடா என்று பொருள்படும் புதுப்பெயரையும் சூட்டியிருந்தனர். பனிப்பாறைகளின்மேல் குட்டி ஈனும் கடல்நாய்களை வேட்டையாடுவதும், கடற்காக்கையின் முட்டைகளைச் சேகரிப்பதும் அவர்களுக்கு உணவு மட்டுமல்ல. பிள்ளைகளுக்கு முன்னோரின் நாட்டைக் காட்டும் பள்ளிக்கூடமும் அதுவே. மூன்று முட்டை நிறைந்த கூட்டைத் தொடாமல், ஒன்றோ இரண்டோ உள்ள கூட்டிலிருந்து மட்டும் எடுப்பது அவர்கள் வழக்கம். அப்போது பறவை மீண்டும் முட்டையிட்டுவிடும். இந்நுட்பம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஏறவில்லை. 1960களில் முட்டை சேகரிப்பது கண்டிப்புடன் தடுக்கப்பட்டது. 1974இல் கடல்நாய் வேட்டையும் நின்றது. இதற்கிடையே 1944இல் ஹூனா ஊர் தீப்பற்றி எரிந்து, குலவீடுகளும் பரம்பரைப் பொருள்களும் சாம்பலாயின. பனியிடம் ஒருமுறை, தீயிடம் ஒருமுறை, சட்டத்திடம் ஒருமுறை. முதலிரண்டும் இயற்கையின் செயல் என்று பொறுத்துக்கொண்டனர். மூன்றாவது அவர்களுக்கு நெடுநாள் ஆறாத புண்ணாயிற்று.

இனிச் சிறு படகுகளின் பிற்கால வரலாறு. 1958 ஜூலை 9 இரவு, லா பெரூஸ் படகுகளை இழந்த அதே லிதுயா விரிகுடாவில் மூன்று மீன்பிடிப் படகுகள் நங்கூரமிட்டிருந்தன. நிலநடுக்கத்தால் விரிகுடாவின் தலைப்பில் மலைச்சரிவு பெயர்ந்து நீரில் விழுந்தது. எதிர்ச்சரிவில் 1,720 அடி உயரம் வரை நீர் ஏறி மரங்களை வேரோடு சீவியது. ஒரு படகு தன்னில் இருந்த இருவருடன் மறைந்தது. மற்றொன்று விரிகுடாவின் வாயிலிலுள்ள நிலத்திட்டையே தாண்டி வெளிக்கடலில் வீசப்பட்டது; அதிலிருந்தோர் உயிர் தப்பினர். மூன்றாவதில் ஒரு தந்தையும் அவருடைய ஏழு வயது மகனும். அலையை நேரே எதிர்கொண்டு அதன் முதுகிலேறிப் பிழைத்தனர்.

நம் நண்பரின் படத்தில் கண்ட ரப்பர்ப் படகுக்கும் ஒரு வரலாறு உண்டு. காற்றடைத்த படகு கடலைத் தாங்குமா என்னும் ஐயத்தை, 1952இல் அலேன் பொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் சோடியாக் நிறுவனத்தின் காற்றுப்படகில் தனியே அட்லாண்டிக் கடலைக் கடந்து தீர்த்தார். லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்னும் சுவீடனில் பிறந்த அமெரிக்கர் 1966இல் அண்டார்டிகாவிற்குப் பயணிகளை அழைத்துச் சென்றார். 1969இல் அதற்கென்றே 'லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்' என்னும் சிறு கப்பலைக் கட்டுவித்தார். கப்பல் வெளியே நிற்க, காற்றுப்படகுகள் பயணிகளைக் கரைக்கும் பனியருகேயும் கொண்டு செல்லும் முறை அதன்வழியே பரவியது. உற்றுப் பார்த்தால் அது விட்பியின் முறையேதான். துடுப்புக்குப் பதில் இயந்திரம். அக்கப்பல் 2007இல் அண்டார்டிகா அருகே பனியில் மோதி மூழ்கியது. இருந்த 154 பேரும் மீட்கப்பட்டனர். அவர்களைக் காத்தவையும் சிறு படகுகளே.

இன்று கிளேசியர் பேயில் நாளொன்றுக்கு இரண்டு பயணக் கப்பல்களுக்கு மேல் நுழையக் கூடாது. பனிச்சுவரிலிருந்து கால் மைல் விலகி நிற்கும்படி சிறு படகுகளுக்கு அறிவுரை உண்டு. இயந்திரத்தை நிறுத்தினால் நீரெங்கும் ஒரு படபடப்பு கேட்கும் என்று நண்பர் சொன்னார். நூற்றாண்டுகளாகப் பனிக்குள் அழுந்திக் கிடந்த காற்றுக் குமிழிகள் உருகும்போது வெடிக்கும் ஓசை அது. மியூரின் பெயர் கொண்ட பனியாறு 1990களின் தொடக்கத்தில் கடலைவிட்டுக் கரைக்கு ஏறிவிட்டது. அங்கே படகில் செல்வோர் காண்பது வெறும் பாறையும் ஓடைகளுமே.

2014இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமொன்றை இயற்றி, கடற்காக்கை முட்டையைச் சேகரிக்கும் உரிமையை ஹூனா திலிங்கித் மக்களுக்கு மீண்டும் அளித்தது. முட்டை குறைந்த கூடுகளிலிருந்து மட்டும் எடுக்கும் அவர்களது பழைய வழக்கம் பறவைகளைக் குறைப்பதில்லை என்று ஆய்வாளர் சான்று கூறிய பின்னரே அது நடந்தது. பூங்கா நிர்வாகமும் அம்மக்களும் சேர்ந்து, வளைகுடாவின் வாயிலிலுள்ள பார்ட்லெட் கோவ் என்னுமிடத்தில், 'ஹூனா முன்னோர் இல்லம்' என்று பொருள்படும் பெயருடன் தேவதாருப் பலகைகளால் ஒரு குலவீட்டை எழுப்பினர்.

2016 ஆகஸ்ட் 25 அன்று அதன் திறப்பு விழா. ஹூனாவிலிருந்து வந்தோர், மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களில் துடுப்பு வலித்து ஐசி நீரிணையைக் கடந்தனர். கரையில் முதியோர் காத்திருந்தனர். ஓடங்கள் கரைதட்டியதும், பனியிடம் தம் ஊரை இழந்தபோது பிரிந்துபோன குலங்கள் அனைத்தின் பிள்ளைகளும் அவற்றிலிருந்து இறங்கி அவ்வீட்டை நோக்கி நடந்தனர்.